மார்கழி போய் தை வருது: உங்க வீட்டுப் பந்தலிலும் அடுப்பிலும் என்ன?

திண்ணை_வேலூர்:
பந்தல் அவரை இந்த வாரம்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்க ஆரம்பித்திருக்கிறது. ஆடியில் ஊன்றிய விதை. ஆவணி, புரட்டாசி முழுக்க இலையும் கொடியுமாகப் பந்தலை மூடியதே தவிர, பேருக்கு ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது காய்க்காத ஜாதி சார், அறுத்து மாட்டுக்குப் போடுங்க" என்றார். ஐப்பசி கடைசியில் ஊதாப் பூ நீட்ட ஆரம்பித்தது. இப்போது அவர் வீட்டுக்கும் நான்தான் காய் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்கப் போனால் இலையெல்லாம் பனி. காயைத் தொட்டால் விரலில் ஒரு பிசுபிசுப்பு ஏறும், கூடவே ஒரு வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானம் வரை போகாது. பனி இறங்கினால்தான் அந்த மணம் வரும் என்பார்கள் எங்கள் பக்கத்து விவசாயிகள்.

இந்த இழை அதற்காகத்தான். உங்கள் வீட்டில், தோட்டத்தில், ஊர்ச் சந்தையில் இந்த இரண்டு மாதத்துக்கென்றே வருவது எது? வருஷம் முழுக்கக் கடையில் கிடைப்பதெல்லாம் வேண்டாம். தை முடிந்ததும் காணாமல் போகிற சரக்கு மட்டும்.

ஒன்றாம்மாடி:
சென்னை, வாடகை வீடு. என் சீசன் குளியலறை அலமாரியில் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நின்றால் மார்கழி வந்தாச்சு என்று அர்த்தம். 24 டிகிரி வாக்கில் அது கட்டியாகிவிடும், நம்ம ஊருக்கு அதுவே பெரிய குளிர்.

மொட்டை மாடியில் பையில் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் போட்டிருக்கிறேன். சித்திரையில் இதே மல்லி நாலு இலை விடுவதற்குள் பூத்துத் தண்டாகிவிடும். இப்போது கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது. ரசத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கிள்ளி வந்து போடுகிற ஆடம்பரம் பிப்ரவரி வரைக்கும்தான்.

திண்ணை சாரிடம் ஒரு கேள்வி. மாசியில் நானும் அவரை போட்டேன். எட்டு மாதம் இலை மட்டுமே பார்த்துவிட்டு வெறுத்துப்போய்ப் பிடுங்கிவிட்டேன். உரம் அதிகமாகிவிட்டதா?

திண்ணை_வேலூர்:
உரமும் காரணமாக இருக்கலாம், தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். ஆனால் முக்கியமான காரணம் பகல் நீளம். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனால் செடிக்கு அது போதும். மாசியில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகிற காலம். அது பாட்டுக்கு இலையை விட்டுக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் பிடுங்கிய நேரத்தில் அநேகமாகப் பூக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்திருக்கும், பாவம்.

வருஷம் முழுக்கக் காய் வேண்டுமென்றால் குத்தவரை போடுங்கள். அதற்குப் பகல் இரவுக் கணக்கு கிடையாது, பந்தலும் வேண்டாம், பை போதும். கோடையில் கடைக்கு வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான். ருசி? கேட்டால் சண்டை வரும், சொல்லவில்லை.

பொருநை:
சொல்லுங்க அண்ணாச்சி, சண்டை போடத்தானே வந்திருக்கோம்.

திருநெல்வேலிக்காரங்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: சிறுகிழங்கு. மார்கழி பாதியில் தலைகாட்டி, பொங்கலுக்குக் குவிந்து, மாசியோடு மறைந்துவிடும். தாமிரபரணிப் பக்கத்திலிருந்து வெளியூர் போய் வேலை பார்க்கிற யாரையும் கேளுங்கள், ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில் யாராவது ஒரு பை கிழங்கு கொடுத்து விட்டிருப்பார்கள்.

வேகவைத்து, சின்ன வெங்காயம் நிறையப் போட்டுத் தாளித்து, தேங்காயும் சீரகமும் மிளகாயும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டுப் புரட்டி எடுத்தால் போதும். உருளைக்கிழங்கு மாதிரியா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். இதற்கு ஒரு மண்வாசம் உண்டு, வெந்த பிறகும் விடாது. சாம்பாரோடு சாப்பிடலாம். ரசத்தோடு சாப்பிட்டால் இன்னும் ஒரு கை சோறு இறங்கும்.

பொங்கலன்று வாசலில் கோலம் போட்டு, பனையோலை எரித்துப் பொங்கலிடுகிறபோது, இலையில் பச்சைக் காய்களோடு கிழங்கு வகைகளும் இருக்கவேண்டும். சேனை, கருணை, சேம்பு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல்படி கொண்டுபோகிற பையிலும் இவை உண்டு. 2023 டிசம்பர் 17, 18ல் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் தண்ணீர் நின்று கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு இலையில் கைப்பிடி அளவு சிறுகிழங்குதான். எங்க ஆச்சி அதை எண்ணி எண்ணிப் பரிமாறினாள்.

கறார்ப்பேர்வழி:
எல்லாம் சரி. அந்தச் சிறுகிழங்குக்குத் தோல் உரித்தது யார் என்று சொல்லவில்லையே?

இப்படி எந்த இழையைத் திறந்தாலும் வாசனை, பனி, மண்மணம். யாரும் கையைக் காட்டுவதில்லை. சிறுகிழங்கு ஒரு கிலோ சுத்தம் செய்தால் விரல் நகமெல்லாம் கறுத்துப்போய் ரெண்டு நாளைக்கு ஆபீசில் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பச்சை மொச்சை உரிக்க உட்கார்ந்தால் ஒரு மத்தியானம் போச்சு. எங்கள் வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் அப்பாவுக்கு உயிர். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பிதுக்குவோம். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து "சீசன் முடியறதுக்குள்ள இன்னொரு தடவ செய்யுங்க" என்பார். எளிய இன்பம்தான், யாருக்கு எளியது என்பதுதான் கேள்வி.

பொருநை:
ஆச்சிதான் உரித்தாள். நீங்க கேட்டதில் தப்பில்ல அக்கா.

ஆனால் ஒன்று. ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டினால்தான் கை போகும். தண்ணீரில் ஊறப்போட்டு மண் போக அலசி, கிழங்கைக் கோணிச்சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் போட்டு நாலு தேய் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போய்விடும். மிச்சம் கண்ணிலும் முண்டிலும் இருப்பதை மட்டும் கத்தியால் எடுத்தால் போதும். இதற்கு சமையல் கைப்பக்குவம் ஒன்றும் வேண்டாம், தோளில் கொஞ்சம் வலு இருந்தால் சரி. ஆம்பளப் பிள்ளைகளிடம் சாக்கைக் கொடுங்கள். எங்க வீட்டில் இப்போது என் வேலை அதுதான்.

ஒன்றாம்மாடி:
பிதுக்குப் பருப்பு என்றால் என்ன? நான் மாயவரம் பக்கம், கேள்விப்பட்டதே இல்லை.

திண்ணை_வேலூர்:
வாங்க, இது எங்க ஏரியா. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தை மாதத்தில் இந்தக் குழம்பு கொதிக்காத தெரு கிடையாது.

மொச்சைக்காய் நன்றாகப் புடைத்து, ஆனால் தோல் இன்னும் பச்சையாக இருக்கிற பருவத்தில் வாங்கவேண்டும். காயை உரித்துக் கொட்டையைத் தண்ணீரில் நாலைந்து மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, ஊறப்போடுங்கள். மேல்தோல் உப்பிக்கொள்ளும். ஒரு கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முளை இருக்கிற பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். தோல் கையில் நின்றுவிடும். ஆரம்பத்தில் பாதி பருப்பு அறையின் அந்தக் கோடிக்குப் பறக்கும். பழகினால் கிண்ணத்துக்குள் விழும். தோலை மாட்டுக்கு வைக்கலாம்.

பிதுக்கின பருப்பு இளம்பச்சையாக, பளபளவென்று இருக்கும். கால் மணி நேரத்தில் வெந்துவிடும், குக்கர் கூடவே கூடாது, கரைந்து கூழாகிவிடும். கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ சேர்த்து, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டுக் குழம்பு. கறிக்குழம்பில் போடுகிற வீடுகளும் உண்டு.

கறார் அம்மா சொல்வது நியாயம்தான், அதிலிருந்து நழுவப் போவதில்லை. ஓய்வு பெற்றபிறகு எங்கள் வீட்டில் பிதுக்குவது என் துறை. சாயங்காலம் டிவி செய்தி ஓடும்போது ஒரு படி பிதுக்கிவிடுவேன். செய்தியில் கத்துகிறவர்களைவிட மொச்சையோடு பேசுவது மேல்.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கட பக்கம் தை மாதம் எண்டால் பனங்கிழங்குதான்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, வெயிலில் காயவைத்துப் பனாட்டுப் போட்டது போக, மிஞ்சுகிற கொட்டையளைக் கிழங்குப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணைப் போட்டு மூடிவிடுவோம். பிறகு மழை பார்த்துக்கொள்ளும், ஒருத்தரும் உரம் போடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. தையில் பாத்தியை வெட்டினால் கிழங்கு வரிசையாக நிற்கும். பாத்தி வெட்டுகிற அண்டைக்கு முற்றத்தில் பெரிய பானையில் உப்புப் போட்டு அவிப்போம். சிறுசுகளுக்குக் கிழங்கைவிடப் பூரானில்தான் கண். வெட்டின கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக இருக்கும்.

அவித்த கிழங்கைத் தும்பு போக உரித்து, நடுவில் பிளந்து பீலியை எடுத்துவிட்டு, முறித்து முறித்துச் சாப்பிட வேண்டியதுதான். கொஞ்சம் கூடுதலாக ஆசைப்பட்டால் உரலில் போட்டு மிளகு, உள்ளி (பூண்டு), உப்பு, தேங்காய்ப்பூவோடு இடித்துத் துவையல். எஞ்சினதை வெயிலில் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியலை மாவாக்கி வைத்தால் ஆண்டு முழுக்கக் கூழுக்கு ஆகும். கூழுக்கு முதல் அந்த மாவை நிறையத் தண்ணியில் ஊறவைத்து, மேல் தண்ணியை வடித்துக் கசப்பைப் போக்கவேணும், அதை விடக்கூடாது. பிறகு நண்டு, இறால், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி. பனையோலையை மடித்துக் கிண்ணம் மாதிரி பிளா கோலி அதில் குடித்தால்தான் கூழ். கோப்பையில் குடிக்கிறவையளை நான் ஒண்டும் சொல்லேல்லை.

பொருநை:
வடலி, நாங்கள் மஞ்சள்பொடியும் போட்டு அவிப்போம். தூத்துக்குடி, திருச்செந்தூர் ரோட்டில் கட்டுக் கட்டாக விற்பார்கள். உங்கள் பூரானைத்தான் எங்கள் பக்கம் தவுன் என்போம், அடிதடியும் ஒன்றுதான். கூட ஒரு துண்டு உடன்குடி கருப்பட்டியும் இருந்தால் மத்தியானச் சாப்பாடே வேண்டாம்.

பனிக்காட்டான்:
கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கும்பகோணம். திண்ணை சார் பகல் நீளம் பற்றி எழுதியதைப் படித்ததும் பல வருஷப் புதிர் அவிழ்ந்தது. இங்கே ஜூன் மாதத்தில் பதினைந்தரை மணி நேரப் பகல். மே கடைசியில் நட்ட பந்தல் அவரை வேலியெல்லாம் தாண்டிப் பக்கத்து வீட்டு மரத்தில் ஏறும். அண்டை வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி அழகாக இருக்கிறது என்று ரசிப்பார். செப்டம்பர் கடைசியில் பூ விடும். அக்டோபரில் ஒரு ராத்திரி உறைபனி இறங்கும், காலையில் பார்த்தால் முழுப் பந்தலும் வெந்த கீரை. காய் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு செய்யும்போதுதான் இது உறைக்கும். பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் இங்கே எளிதாகக் கிடைக்கும். மொச்சையும் அவரையும் உறையவைத்த பாக்கெட்டில் வரும். கூட்டு ருசியாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதே பாக்கெட் ஜூலையிலும் அதே ஃப்ரீசரில் கிடக்கிறது. ஜூலையில் எனக்கு அதை வாங்கத் தோன்றியதே இல்லை, ஏன் என்று தெரியவில்லை.

திண்ணை_வேலூர்:
உங்களுக்கும் குத்தவரைதான் வழி. ஏப்ரலில் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் நாற்று விட்டு, மே கடைசியில் தொட்டிக்கு மாற்றினால் ஆகஸ்டில் காய் பார்க்கலாம். பந்தல் ரகத்தை அந்தப் பாட்டியின் கண்ணுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசக்காட்டுப்பூ:
விருதுநகர்ப் பக்கம். நான் சொல்லப்போவது கார்த்திகையோடு முடிந்துவிட்டது, திண்ணை அண்ணன் விதிப்படி இது தள்ளுபடியாகலாம். ஆனாலும் சொல்லாமல் போகமாட்டேன்: அதலைக்காய்.

இதை யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் தானாகக் கொடி ஓடி, புஞ்சைக்குள் சோளத்துக்கும் பருத்திக்கும் நடுவில் காய்த்துக் கிடக்கும். காய் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, பாகற்காய்க்குத் தம்பி மாதிரி கசப்பு. காலையில் பொறுக்கினதை அன்றைக்கே சமைக்கவேண்டும். மறுநாள் வைத்தால் வெடித்து விதையைக் கக்கிவிடும். அதனால்தான் பெரிய கடைகளில் பார்க்க முடியாது. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் சந்தையில் பெண்கள் கூறு கட்டி வைத்திருப்பார்கள். காம்பையும் நுனியையும் கிள்ளி, வெங்காயம் போட்டு நல்லெண்ணெயில் சுருள வதக்கி, கடைசியில் வேர்க்கடலை இடித்துத் தூவுவோம். கம்பஞ்சோறு இருந்தால் யோகம். இல்லாவிட்டால் பழைய சோறு.

இன்னொன்று. துவரை பச்சையாக இருக்கும்போது காயோடு உப்புப் போட்டு அவித்துத் தின்கிற வழக்கம் உங்கள் ஊர்களில் உண்டா? எங்கள் பக்கம் மார்கழி ராத்திரியில் அதுதான் நொறுக்குத்தீனி.

கறார்ப்பேர்வழி:
துவரை அவித்தது எங்களுக்கும் உண்டு. அதை நான் ஆதரிக்கிறேன், தின்கிறவன் கையாலேயே உரித்துத் தின்னவேண்டும்.

நெறியாளர்:
விதைக்குத் தனிமடல் கேட்டு ஏகப்பட்ட பேர் இங்கேயே எழுதுகிறீர்கள். அந்தப் பதிவுகளை விதைப் பகிர்வு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள்.

ஒன்றாம்மாடி:
எங்கள் மாடி வீட்டு அக்கா கொடியில் அவரை காய்க்கிறது, ஆனால் குருத்தெல்லாம் கறுப்பாக அசுவினி, சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சி. எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது. பறித்த காயிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பார்த்தாலே சாப்பிடப் பிடிக்கவில்லை என்கிறார்.

திண்ணை_வேலூர்:
பனிக்கும் அசுவினிக்கும் அப்படி ஒரு சினேகம். அவரை வைத்த எல்லாருக்கும் இந்த வருகை உண்டு, பயப்பட வேண்டாம். மோசமாக மொய்த்த குருத்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் சலித்து, காலைப் பனி ஈரம் இருக்கும்போதே தூவினால் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல், சாயங்காலமாக இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவேண்டும். வாரம் ஒரு தடவை. எறும்பைத் தடுப்பதும் முக்கியம், அசுவினியைச் செடிக்குச் செடி சுமந்துபோய்க் குடியேற்றுவதும் உண்டு. புள்ளி போட்ட பொரிவண்டு கொஞ்சம் கண்ணில் பட்டால் மருந்தே அடிக்காமல் விடுங்கள், அது தின்று தீர்க்கும்.

காயில் ஒட்டியிருப்பது உப்புத் தண்ணீரில் அலசினால் போய்விடும். அவரையைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, மூடி போடாமல் வதக்குங்கள். மூடினால் நிறம் செத்துப்போகும். எங்கள் வீட்டில் தேங்காயோடு முடித்துவிடுவோம், வேறெதுவும் சேர்க்கவிடமாட்டேன். இந்தக் காய்க்குப் போய் மசாலா போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பனிக்காட்டான்:
தொட்டியில் போட குத்தவரை விதை இங்கேயே தமிழ்க்கடையில் கிடைத்துவிட்டது. இந்தியாவிலிருந்து விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். சொந்த விதை எடுத்துவைக்க என்ன செய்யவேண்டும்?

கரிசக்காட்டுப்பூ:
நல்ல காயாக நாலைந்து கொத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுங்கள். காய்ந்து சருகாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரவேண்டும். உரித்து ரெண்டு மூன்று வெயில் காட்டி, அடுப்புச் சாம்பலில் புரட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வண்டு விழாது. எங்க அம்மா செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைப்பாள், துவரைக்கும் அதே வைத்தியம். சீசன் ஆரம்பத்தில் வருகிற காயை விதைக்கு விடுங்கள். கடைசியில் வருவது சூம்பிப்போன கொட்டையாக இருக்கும். தின்கிற ஆசையில் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறோம்.

கறார்ப்பேர்வழி:
தகவலுக்கு: நேற்று உழவர் சந்தையில் மொச்சைக்காய் வாங்கி வந்து, உரித்து ஊறப்போட்டு, தம்பியைப் பிடித்து உட்காரவைத்துப் பிதுக்கச் சொன்னேன். கால் கிண்ணம் நிறைவதற்குள் முதுகு வலி, விரல் வலி, அவசர போன். மிச்சத்தை முடிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கவிட்டேன். சுவரில் ரெண்டு பருப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அம்மா ஊரில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. புளி ஊற்றணுமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க.

திண்ணை_வேலூர்:
ஊற்றாதீங்க. தக்காளி போதும். புளி விட்டால் மொச்சை வாசனை அடங்கிப்போகும்.

பொருநை:
புளி இல்லாமல் என்ன குழம்பு? நெல்லிக்காய் அளவு கரைத்து விடுங்க அக்கா.

திண்ணை_வேலூர்:
தம்பி, சிறுகிழங்கில் நான் தலையிட்டேனா?

கறார்ப்பேர்வழி:
தக்காளி மட்டும் போட்டு இறக்கிவிட்டேன். தம்பி மூணாவது தடவை சோறு போட்டுக்கொள்கிறான். அடுத்த ஞாயிறு ரெண்டு கிலோ வாங்கப் போகிறேன், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.